தானாக ஓடிய சக்கரமும் படவேட்டு விசிறிக் குச்சியும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நான் சொன்னது சரி என்று எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டேன். ஒப்புக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது தொழிலோடு வந்த நோய் என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்பே இருந்ததுதான் என்று என் அம்மா காட்டிக்கொடுப்பாள். இந்தக் குணத்தால் ஒருமுறை அவரை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணிக்கு மருமகளாக வந்தேன். அவர் எனக்கு அத்தை மகன்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தவர். நான் பி.எஸ்சி., பி.எட். முடித்து உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலை வாங்கியவள். அதனால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, ‘டீச்சர்’தான். அதில் பாதி கேலி, பாதி பெருமை. எந்தப் பாதி பெரிது என்பது முதல் இரண்டு வருஷம் எனக்குத் தெரியவில்லை.

காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் வீடு திரும்புவேன். வந்ததும் சமையல்கட்டு, அப்புறம் விடைத்தாள். அவர் விடிந்ததிலிருந்து தறிக்கூடத்தில் இருப்பார். சாப்பிடும்போது குழம்பில் உப்பு சரியா என்று கேட்பேன், சரி என்பார். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சண்டை போடும் அளவுக்குப் பேசிக்கொண்டால்தானே வருவதற்கு!

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டு உத்திரம் அந்தச் சுவருக்குள் நுழைந்து அடுத்த வீட்டிலும் தலையை நீட்டியிருக்கும். வீட்டுக்கு இரண்டோ மூன்றோ பட்டுத்தறி. தறிக்கு மேலே, உத்திரத்தில் மாட்டிய, புடவைக் கரையில் பூவும் மயிலும் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி. காலால் மிதிக்கும்போதெல்லாம் அது ஏறி இறங்கும். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரில் இருக்கும் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் எனக்கு அது தலைவலியாக இருந்தது. மூன்று மாதத்தில் பழகிவிட்டது.

ஒரு தீபாவளி முடிந்து வேலை கொஞ்சம் குறைந்திருந்த நேரம். தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் ஒன்றைப் பற்றி யாரோ பேருந்தில் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டுவிட்டு வந்து, அவரும் ஒன்று செய்ய ஆரம்பித்தார். குடைக்கம்பிகளை வளைத்துச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சக்கரம். சுற்றிலும் பன்னிரண்டு மூங்கில் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சைக்கிளில் போடுகிற இரும்புக் குண்டு ஒன்று. ஒரு பக்கம் குண்டுகள் வெளியே ஓடி இழுக்கும், மறு பக்கம் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும், ஆகவே சக்கரம் நிற்காது என்பது அவர் கணக்கு. பழைய ராட்டையின் கதிரை, நூல் சுற்றுகிற அந்த இரும்புக் கம்பியை, உத்திரத்தில் அடித்து, அதையே அச்சாக்கி மாட்டினார்.

“ஓடாது,” என்றேன். “ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒம்பதாங்கிளாஸ் பாடம்.”

“நான் எட்டாவதோட நின்னுட்டேன், டீச்சர்,” என்றார்.

முதல் சக்கரம் ஓடவில்லை. இரண்டாவதும் ஓடவில்லை. எனக்குப் பரம திருப்தி. மூன்றாவதில் நடுவிலிருந்த ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அச்சில் தொளதொளவென்று ஆடியது. அதையும் மாட்டி, விரலால் லேசாகத் தட்டிவிட்டார். ஓடியது.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் சுற்றியது, ஆனால் நிற்கவில்லை. காலை ஏழு மணிக்குத் தட்டிவிட்டதாம். பையைத் தோளிலிருந்து இறக்காமல் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். அப்புறம் கதவை அடைத்தேன், ஜன்னலை அடைத்தேன். நூல் எதுவும் கட்டியிருக்கிறதா என்று கையால் துழாவினேன். காந்தம் தேடி உத்திரத்தின் மேல் ஏணி போட்டு ஏறினேன். கீழே அவர் ஊடைநூல் சுமக்கிற நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி நெய்துகொண்டே சிரித்தார்.

“இன்னா டீச்சர், உன் புக்கு இன்னா சொல்லுது?”

அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டுக்குப் போவதை விட்டேன். நேராகத் தறிக்கூடம். ஜரிகை வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சக்கரத்தை முறைப்பேன். அவர் நெய்துகொண்டே பேசுவார். பள்ளி லீவு நாட்களில், மத்தியானத்தில் அது வேகம் குறைவதைக் கவனித்தேன். வெயிலில் கம்பி நீண்டு உராய்வு கூடுகிறது என்று விளக்கம் சொன்னேன். “அதுக்கும் சாப்பாட்டு நேரம் உண்டு இல்ல?” என்றார். சித்திரையில் பக்கத்து வீட்டுத் தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூல் தீர்ந்து, புதிய பாவு பிணைக்க இரண்டு நாள் தறியை நிறுத்தினார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஏதோ தோஷம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நீங்கள் தூசி துடைக்கும்போது இடித்திருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரர்மேல் பழி போட்டேன் நான். எனக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

ராத்திரியும் ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்கு மட்டும் அவர் விடவில்லை. பொழுது சாய்ந்து விளக்கேற்றுகிற நேரத்தில் எல்லா வீட்டிலும் தறியை நிறுத்தித் துணி போர்த்துவார்கள். அப்போது சக்கரத்தையும் கையால் நிறுத்தி, அதற்கும் ஒரு துணி போர்த்துவார்.

“தறியே தூங்குது. இத்த மட்டும் ராவெல்லாம் ஓட்டிகினே இருக்கணுமா? பாவம்.”

அமாவாசையன்றும் அப்படித்தான். நெசவுக்காரர் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மிதியைத் தொடமாட்டார்கள், நாடாவை எடுக்கமாட்டார்கள். தறிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவதோடு சரி. சக்கரமும் தறிக்கூடத்தில் இருக்கிற சாமான் ஆயிற்றே, அதற்கும் ஒரு பொட்டு. யாரும் அதைத் தட்டிவிடமாட்டார்கள். தட்டிவிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பரிசோதனை, பரிசோதனை என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள், மாமியார் வீட்டு வழக்கத்துக்கு வாயை மூடிக்கொண்டு கட்டுப்பட்டிருந்தேன்.

சக்கரத்தின் பெயர் தெருவைத் தாண்டிப் போயிற்று. தேவிகாபுரத்திலிருந்து பேருந்து ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், “இன்னா டீச்சரம்மா, நீங்க நடத்துற பாடமெல்லாம் தப்பாமே?” என்று கேட்டார்கள். ஆனியில், ஆசிரியர் அறையில் எல்லார் எதிரிலும் ஒருவர் அதையே கேட்டார். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

“கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் ஓடட்டும். அன்னிக்கித் தெரிஞ்சிடும்,” என்றேன்.

சொன்னது கோபத்தில். தலைமையாசிரியர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆவணி முதல் வாரத்தில் அறிவியல் கண்காட்சி, கல்வி அதிகாரி வருகிறார். ‘தானே சுழலும் சக்கரம்: நம் ஊர் நெசவாளரின் கண்டுபிடிப்பு’ என்று நோட்டீஸ் அடித்துப் பேருந்து நிலையத்தில்கூட ஒட்டிவிட்டார்கள்.

நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் நெய்வதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் படித்தார்.

“போட்டுட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு நான் மட்டும் போனேன். அவருக்கு அவசர வேலை. தரிசனம் முடிந்து வெளியே வந்தால் ஒரு அம்மா கூடையில் குச்சிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு ஜாண் குச்சி, அதன் முதுகில் பல் பல்லாக வெட்டு, நுனியில் ஆணி, ஆணியில் தகர விசிறி. இன்னொரு குச்சியால் பல்லின்மேல் தேய்த்தால் விசிறி கிர்ரென்று சுற்றும்.

“மனசுல ஒண்ணு நெனச்சிகினு கேளும்மா. வலமா சுத்துனா ஆமாம், இடமா சுத்துனா இல்ல.”

எங்க வீட்டுச் சக்கரம் தானாகவா ஓடுது என்று மனசுக்குள் கேட்டேன். விசிறி இடமாகச் சுற்றியது. சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு குச்சி வாங்கிக்கொண்டு பேருந்துக்கு வந்து நின்றேன். அங்கே பேருந்து வந்தால் வந்ததுதான், இல்லையென்றால் இல்லை. ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்று குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சும்மா தேய்த்தால் விசிறி நடுங்கியது, சுற்றவில்லை. தேய்க்கும்போதே கட்டைவிரலைக் குச்சியின் ஒரு பக்கத்தில் அழுத்தினால் வலமாகச் சுற்றியது. மறு பக்கத்தில் சுட்டுவிரலை அழுத்தினால் இடமாகச் சுற்றியது. சாமி சொல்லும் பதில் அந்த அம்மாவின் விரலில் இருந்தது. பல்லின்மேல் தேய்க்கும்போது ஆணி மேலும் கீழும் ஆடுகிறது. விரல் அழுத்தினால் பக்கவாட்டிலும் ஓர் ஆட்டம் சேர்கிறது. இரண்டும் ஒரே நொடியில் நடக்காமல் சற்று முன்பின்னாக நடப்பதால் ஆணியின் நுனி கண்ணுக்குத் தெரியாத சிறு வட்டம் ஒன்று போடுகிறது. விசிறியின் ஓட்டை ஆணியைவிடப் பெரியது. சுட்டுவிரலில் வளையலை மாட்டிச் சுழற்றுவோமே, அதேதான். விரல் கொஞ்சம் அசைந்தால் போதும், வளையல் முழுசாகச் சுற்றும்.

தொளதொளவென்ற ஓட்டை. ராட்டைக் கதிர். சுவருக்குள் நுழைந்து போகிற உத்திரம். அதில் ஏறி இறங்குகிற ஜக்கார்டு பெட்டிகள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து வீட்டில் பாவு பிணைத்த அந்த இரண்டு நாள், விரலை மாற்றி அழுத்தியதுபோல.

கத்தவேண்டும் போலிருந்தது. எட்டு மாசமாகக் கண் முன்னால் தொங்கியதற்கு விடை கிடைத்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி! எதுவும் தானாக ஓடவில்லை. எங்கள் தெருவே சேர்ந்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

பேருந்து வந்தது, உட்கார இடமும் கிடைத்தது. கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தறி கிடையாது. மேடையில் அதைத் தொங்கவிட்டு அவர் தட்டிவிடுவார். பத்துச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். கல்வி அதிகாரி, தலைமையாசிரியர், என் மாணவர்கள், தெருவிலிருந்து வந்திருப்பவர்கள் எல்லார் முன்னாலும் அவர் மறுபடி தட்டிவிடுவார், மறுபடி நிற்கும். படித்த பெண்டாட்டி இழுத்து வந்து நிறுத்திய இடம். சரியாக இருந்ததற்காக அதற்கு முன் ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு வேண்டுதல்.

ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் தர்ப்பணம் கொடுக்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. தறிக்கூடத்துக்குப் போய், பொட்டு வைத்த சக்கரத்தின் துணியை எடுத்தேன். தட்டிவிட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் நின்றது. மறுபடி தட்டினேன். ஒன்பதில் நின்றது.

“ஓடாது,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஈர வேட்டியோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

“இன்னிக்கி ஓடாது, டீச்சர். எனக்குத் தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“தை அமாவாசைலேர்ந்து. ஒட்டடை அடிக்கச் சொல்ல கை பட்டுச்சு. சுத்திச்சு, நின்னுட்ச்சி. இன்னும் ரெண்டு தபா தள்ளிப் பாத்தேன். நிக்குது. மக்யா நாள் தறி ஓட்டுனா ஓடுது. எப்டின்னு தெர்ல. ஆனா தறி ஓடுனாத்தான் ஓடுதுன்னு தெரிஞ்சிபோச்சு.”

ஆறு மாசம். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசித் தறி நிற்பதற்கு ஒரு நிமிஷம் முன்பே எழுந்துபோய்ச் சக்கரத்தைக் கையால் நிறுத்தியதெல்லாம் தெரிந்தேதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் என் மூக்கை உடைத்தபோது வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

“ஏன் சொல்லல? நான் எவ்ளோ பேஜாராப் போனேன், தெரியுமா?”

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

“சொல்லியிருந்தா நீ இங்க வந்து குந்துவியா? கல்யாணமாயி ரெண்டு வருஷம் இந்தக் கூடத்துல ஒரு நாள் வந்து குந்துனது இல்ல. சக்கரம் ஓட ஆரம்பிச்சதும் டெய்லி வந்தே. திட்டிகினே இருந்தாலும் வந்தே. நின்னுட்டா நீயும் போயிடுவேன்னு...”

நான் அந்த ஜரிகைப் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதேன். நோட்டீஸைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைச் சந்தோஷம் என்று நினைத்தேனே, அதற்காகத்தான் அழுதேன். மன்னிச்சிடுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். நானே போய் நிகழ்ச்சியை நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

“வாணாம். போட்டாச்சு, போவோம். மொதல்ல அது எப்டி ஓடுதுன்னு சொல்லு,” என்றார்.

படவேட்டுக் குச்சியை எடுத்துவந்து காட்டினேன். கட்டைவிரலை அழுத்தி, சுட்டுவிரலை அழுத்தி, சின்னப் பிள்ளை மாதிரி அன்று முழுக்க அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தறிகள் ஓட ஆரம்பித்ததும், சந்தேகத்துக்கு, குழாய்களிலிருந்து இரும்புக் குண்டுகளைக் கழற்றிப் பார்த்தோம். குண்டு இல்லாமல் சக்கரம் இன்னும் ஜோராக ஓடியது. அதுதான் அவருக்கு வலித்தது. அந்தப் பன்னிரண்டு குண்டுகளையும் அவர் தவிடு போட்டுத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன்னால் உலகத்தில் இப்படிச் சக்கரம் செய்தவர்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள்தானா என்று. வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒளித்துவைத்த கயிறு, மறைத்துவைத்த ஆள். ஆனால் அன்று என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சிலர் ஏமாற்றியிருக்கலாம். இன்னும் சிலரின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாவு ஆலையோ, செக்கோ, கொல்லன் பட்டறையோ இருந்திருக்கலாம். இரவும் பகலும் சுவர் நடுங்கி, அந்த நடுக்கம் பழகிப்போய், அவர்களும் எங்களைப் போலவே அதை மறந்திருக்கலாம். சக்கரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய் அது நின்றதும் ஊர் அவர்களைப் பொய்யர் என்று சொல்லியிருக்கும். இதை என்னால் நிரூபிக்க முடியாது. குச்சியை வைத்து எல்லாச் சக்கரத்துக்கும் விடை சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் சக்கரம் ஓடியதும் உண்மை, அதைச் செய்தவர் பொய் சொல்லாததும் உண்மை. குறைந்தபட்சம் தை அமாவாசை வரைக்கும்.

கண்காட்சிக்கு அவர் ஒரு நீளமான மரப்பலகையில் பல் பல்லாக வெட்டிக் கொண்டுவந்தார். பலகையின் முனையில் கதிர், கதிரில் சக்கரம். நான்கு மாணவர்கள் பலகையின் ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு மூங்கிலால் பல்லின்மேல் தேய்க்கத் தேய்க்க, சக்கரம் சுற்றியது. கல்வி அதிகாரி நோட்டீஸைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

“தானே சுழலும்னு போட்டிருக்கே?”

நான் முன்னால் வந்து அது என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியை இறக்கிவிட்டு நேராக நின்றார்.

“தானா ஓடாதுங்க, சார். நானும் ஓடுதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். எங்க தெருவுல எல்லாரும் வேலை செஞ்சிகினே இருந்தாங்க. அதனால தெரியல.”

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துக் காதை அடைத்துக்கொள்ளத் தயாராக நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும், “அப்போ அதுல பாதி எங்க ஊட்டு ஒழைப்பு,” என்று உரக்கச் சொன்னார். அதற்குத்தான் கூட்டம் சிரித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்கள் ஊருக்கு வெளியே வீடு கட்டிப் போனோம். தறிகளுக்குத் தனிக் கட்டடம், கான்கிரீட் தூண், இரும்பு விட்டம். ஒட்டிய சுவர் இல்லை, அடுத்த வீட்டு உத்திரம் இல்லை. எத்தனை தறி ஓடினாலும் டம்ளரில் தண்ணீர் அசைவதில்லை. சாப்பிடும்போது அந்த நடுக்கத்தைத் தேடுவேன். ஒரு காலத்தில் தலைவலி தந்ததற்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அதையும் மறுத்து வாதாடியிருப்பேன்.

புது வீட்டில் தறி ஓட்டிய முதல் நாள், பள்ளி முடிந்து பழக்கத்தில் வழி தவறி, பழைய தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் தறிக்கூடத்துக்குள் நுழைந்தேன். பழைய சக்கரத்தை இரும்பு விட்டத்தில் மாட்டியிருந்தார். அன்று முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார் போல. அச்சைச் சுற்றி எண்ணெய் புதிதாக மின்னியது. சக்கரம் அசையவில்லை. அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ஓட மாட்டேங்குது, டீச்சர்.”

எனக்குத் தெரியும், ஏன் ஓடாது என்று. சொல்ல வாயும் துறுதுறுத்தது. ஜரிகைப் பெட்டி எங்கே என்று தேடினேன். மூலையில், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. இழுத்துவந்து, வழக்கமான தூரத்தில் கவிழ்த்துப் போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

“காபி குடிச்சீங்களா?” என்று கேட்டேன்.